மருதாணி விரலும் மூக்குத்திக் கார்டும்

நன்னிலத்தில் டவுன் பஸ் ஏறி, மெஷினம்மா வீட்டுக்கிட்ட இறங்கணும் என்று சொன்னால் போதும், கண்டக்டர் கீழப்பாதிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். இப்படி ஒரு பெயர் வந்ததில் அருள்மேரிக்குக் கொஞ்சம் கூச்சம். ஆனால் அவளுக்குக் கூச்சம் வராத விஷயம் எது? கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை ரசம் வேண்டுமென்றால்கூட பக்கத்து இலைக்காரியை விட்டுக் கேட்கச் சொல்கிறவள் அவள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதில் பெரிய கதை ஒன்றுமில்லை. அம்மா களத்தில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள், வீட்டில் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. கால் கூடியபோது பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்திருந்தது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கீழப்பாதி கொத்தனார் ஆசீர்வாதத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஊரில் பாதி ஆண்கள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆசீர்வாதமும் எடுத்தான். வேளாங்கண்ணிக்கு ஒரு தரம் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, குவைத்துக்கு விமானம் ஏறினான்.

அவன் போன பிறகுதான் அருள்மேரி முதன்முதலாக வேலைக்குப் போனாள். கடைத்தெருவில் ஹபீப் முகம்மது பாய் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். புருஷன் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த பெண்கள் எல்லாரும் அங்கேதான் வந்து குடும்பம் நடத்தினார்கள். கதவைச் சாத்தினாலும் அழுகை வெளியே கேட்கும், சண்டை இன்னும் நன்றாகக் கேட்கும். வெளியே உட்கார்ந்து மீட்டர் பார்க்கிற ஆள் ஒரு வார்த்தை வெளியில் சொன்னாலும் ஊரே இரண்டுபடும்.

“இந்தப் புள்ள வாயத் தொறக்காது. எனக்கு அதான் வேணும்” என்று பாய் அவளைச் சேர்த்துக்கொண்டார்.

அவர் கணக்குத் தப்பவில்லை. யார் வீட்டில் நகை அடகில் இருக்கிறது, யார் புருஷன் ஆறு மாதமாகப் பேசவில்லை, எல்லாம் அருள்மேரிக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் மீட்டர் எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாதவள்போல இருக்கும்.

பிறகு செல்போன் வந்தது. குடும்பச் சண்டையெல்லாம் கொல்லைப்புறத்துக்கும் மொட்டை மாடிக்கும் இடம் மாறியது. பாய் பூத்தை மூடிவிட்டு அதே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ரீசார்ஜ் கடை போட்டு மருமகனை உட்காரவைத்தார். அருள்மேரி வீட்டுக்குத் திரும்பினாள். ஆசீர்வாதம் அனுப்புகிற பணத்தில் குறை ஒன்றுமில்லை. வீட்டுக்கு டைல்ஸ்கூடப் போட்டாகிவிட்டது. ஆனால் பத்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு எங்கேயாவது கிளம்ப வேண்டும்போல உடம்பு பரபரக்கும். கிளம்ப இடமில்லை. டைல்ஸையே இரண்டாவது தரம் துடைப்பாள்.

இந்த நிலையில்தான் மெஷின் வந்தது.

முதியோர் பணம், விதவைப் பணம், நூறுநாள் வேலைக் கூலி எல்லாம் இனிமேல் கார்டில்தான் வரும் என்றார்கள். பேங்குக்காக இந்த வேலையை எடுத்திருந்த ஒரு கம்பெனியிலிருந்து கிளாட்சன் என்ற இளைஞன் பைக்கில் வந்தான். தரங்கம்பாடிப் பக்கத்துக்காரன், நல்ல சிரித்த முகம். மகளிர் குழுக் கூட்டத்தில் நின்று, ஊரிலேயே மெஷின் வைத்துப் பணம் கொடுக்க நம்பிக்கையான ஒரு பெண் வேண்டும் என்றான். எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அருள்மேரி புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதான் அருளு இருக்கே” என்றாள் தங்கமணி. நடவு ஆட்களுக்குத் தலைவி அவள். வயலில் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடி வரப்பில் நிற்கிற நாரை பறக்கும். “யாரு வூட்டுக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கழுத்தை நெரிச்சாலும் சொல்லாது. எழுதிக்க தம்பி.”

கிளாட்சன் எழுதிக்கொண்டான். அருள்மேரி சரி என்று சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் மறுவாரம் பத்து மணிக்கு அவள் புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள்.

மெஷின் ஒரு செங்கல் அளவு இருந்தது. பக்கவாட்டில் கார்டு சொருக ஒரு வாய், மேலே விரல் வைக்க நகத்தளவு கண்ணாடி, தலையில் சீட்டு வருகிற காகிதச் சுருள். கார்டு வழுவழுவென்று இருந்தது. ஒரு ஓரத்தில் போட்டோ, இன்னொரு ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் கட்டம்.

“இந்தக் கட்டத்துக்குள்ளதான் எல்லாமே இருக்கு” என்று கிளாட்சன் விளக்கினான். “உங்க பேரு, கணக்கு, உங்க விரல் ரேகை. கார்டை உள்ள சொருகிட்டு விரலை வச்சீங்கன்னா, உள்ள இருக்கற ரேகையும் வெளிய இருக்கற ரேகையும் ஒண்ணான்னு மெஷின் பாக்கும். ஒண்ணா இருந்தாத்தான் பணம். கார்டு தொலைஞ்சாலும் எடுத்தவன் ஒண்ணும் பண்ண முடியாது.”

“மூக்குத்தி மாதிரி இருக்கு” என்று தங்கமணி அந்தக் கட்டத்தைத் தடவிப் பார்த்தாள். அன்றிலிருந்து அது மூக்குத்திக் கார்டு. வெற்றிலைப் பையில் வைக்கக்கூடாது, சுண்ணாம்பு பட்டால் மூக்குத்தி வேலை செய்யாது என்று அருள்மேரி வீடுவீடாகச் சொல்லிவைத்தாள்.

இந்தக் கதையைப் போனில் கேட்ட ஆசீர்வாதம் சிரித்தான். “இங்க கார்டு இல்லாம ஒண்ணும் நடக்காது மேரி. கேட்டைத் தொறக்க கார்டு, கேண்டீன்ல சோறு வாங்க கார்டு, பஸ்ஸுக்குக் கார்டு. ரூம்ல வச்சிட்டு வந்துட்டா அன்னைக்கு நான் யாருன்னு எனக்கே தெரியாது. நீ அங்க கார்டு போடற அதிகாரியா ஆயிட்டியா?”

“அதிகாரியெல்லாம் இல்லங்க” என்றாள் அருள்மேரி. ஆனால் போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன் போய்ச் சற்று நின்றாள்.

ஆவணி மாதம் பணம் ஒழுங்காகப் போனது. மாதாகோயில் பக்கத்துக் கட்டடத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தாள். ஒருவன் தன் தாயின் கார்டைக் கொண்டுவந்து தன் விரலை வைத்துப் பார்த்தான். மெஷின் மறுத்தது. மூன்று விரல்களை மாற்றி மாற்றி வைத்துவிட்டு மெஷின் ரிப்பேர் என்றான். அருள்மேரி கார்டை உருவி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் தாயே வந்தாள். வந்த கையோடு பணம் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மகனைத் திரும்பிப் பாராமல் போனாள். அன்று பெண்களுக்கு மெஷின்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

புரட்டாசியில் நடவு தொடங்கியது. சிக்கலும் அதோடு தொடங்கியது.

நடவு என்றால் கைதான் கருவி. நாற்றைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களுமாகக் கவ்விச் சேற்றுக்குள் அழுத்த வேண்டும். காலையில் இறங்கினால் உச்சிப் பொழுதுவரை கை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். விரல் நுனி ஊறி, வெளுத்து, தோல் தேய்ந்து, இடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். அந்த விரலைக் கொண்டுவந்து கண்ணாடிமேல் வைத்தால் மெஷின் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தங்கமணியையே தெரியாது என்று சொன்னது.

“என்னையவா?” என்று தங்கமணி மெஷினைப் பார்த்துக் கேட்டாள். “நன்னிலம் தாலுகா கச்சேரியில கேட்டுப் பாரு, என்னைத் தெரியுமான்னு.”

மூன்றில் ஒரு பங்குப் பேர்கூடப் பணம் வாங்கவில்லை. மற்றவர்கள் கார்டோடு பஸ் ஏறி பேங்கில் போய் நின்றார்கள். ஒரு நாள் நடவு போனது, கூலி போனது.

கிளாட்சன் போன் செய்தான். குரலில் சிரிப்பு இல்லை. “அக்கா, உங்க ஊர்ல விரல் ரொம்பத் தவறுதுன்னு ஆபீஸ்ல பாத்துட்டாங்க. மெஷின் கொஞ்சம்தான் இருக்கு. விரலை எடுக்காத ஊர்ல அது எதுக்குன்னு கேக்கறாங்க. அடுத்த பட்டுவாடா அன்னைக்கு நானே வரேன். அன்னைக்கும் இப்படின்னா மெஷினை வேற ஊருக்குக் கொண்டு போயிடச் சொல்லிட்டாங்க.”

“ஏன் சார் தவறுது?”

“ரேகை தெளிவா இல்லக்கா. அவ்வளவுதான்.”

அருள்மேரி அன்று டைல்ஸை மூன்றாவது தரம் துடைத்தாள். மெஷின் போனால் பத்து மணிக்குக் கிளம்ப இடமில்லை. அதை யாரிடமும் சொல்லி அழவும் முடியாது. புருஷன் குவைத்தில் சம்பாதிக்கிறான், இவளுக்கு என்ன குறை என்பார்கள்.

தெருக் குழாயடியில் தங்கமணி பிடித்துக்கொண்டாள். “என்னடி, முகம் சூம்பிக் கெடக்கு?”

அருள்மேரி கிளாட்சன் சொன்னதைச் சொன்னாள். ரேகை தெளிவாக இல்லையாம்.

தங்கமணி குடத்தை இறக்கி வைத்தாள். குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் யோசித்தார்கள். பத்திரத்துக்குக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள், ரேஷன் கடையில் வைத்திருக்கிறார்கள். எங்கே விரல் வைத்தாலும் முதலில் மை தடவுவார்கள். மை தடவினால்தான் ரேகை தெளிவாக விழும். இந்த மெஷினுக்கு மட்டும் மை கிடையாது. அப்புறம் எப்படித் தெளிவாகத் தெரியும்?

“மையை வச்சிட்டுப் போனா கண்ணாடி வீணாப் போவும்னு தம்பி சொன்னாரு” என்றாள் அருள்மேரி.

“ஒட்டாத மை வேணும்” என்றாள் தங்கமணி. தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. “அடியே, மருதாணி.”

நடவு முடிந்ததும் சேற்றுப்புண்ணுக்கு மருதாணி வைப்பது எப்போதும் உள்ள வழக்கம். விரல் இடுக்கில் அப்பிக்கொள்வார்கள், குளிர்ச்சி. இந்தத் தடவை இடுக்கோடு விரல் நுனியிலும் தொப்பி போட்டுவிட்டால் ஆயிற்று. புண்ணும் ஆறும், ரேகையும் சிவப்பாகத் துலங்கும். அருள்மேரி எல்லாக் கோணத்திலும் யோசித்துப் பார்த்தாள். ஒரு ஓட்டையும் தெரியவில்லை. அவளுக்கே அது கெட்டிக்காரத்தனமான யோசனையாகத் தோன்றியது.

நடவு முடிந்த சாயங்காலம் கீழப்பாதியில் ஆட்டுக்கல் ஓயவில்லை. நன்றாகப் பற்றட்டும் என்று கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அரைத்தார்கள். பத்து விரலுக்கும் தடியாகத் தொப்பி போட்டுக்கொண்டு, சோற்றைப் பிறர் ஊட்டச் சாப்பிட்டார்கள். அருள்மேரியும் போட்டுக்கொண்டாள். காலையில் கழுவியபோது விரல் நுனிகளெல்லாம் காராமணி நிறத்தில் கறுத்துச் சிவந்திருந்தன. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

பட்டுவாடா நாள் கிளாட்சன் வந்தான். பெஞ்சைச் சுற்றிப் பெண்கள் குளித்து, தலைசீவி, கார்டைக் கையில் பிடித்து நின்றார்கள். அருள்மேரி மெஷினைப் பையிலிருந்து எடுத்தாள். மெஷின் திறக்க முதலில் அவள் கார்டைச் சொருகி அவள் விரலை வைக்க வேண்டும். பூட்டுக்குச் சாவி மாதிரி அது. வைத்தாள். மெஷின் திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். திறக்கவில்லை. அடுத்த விரலை வைத்தாள்.

“கையைக் காட்டுங்கக்கா” என்றான் கிளாட்சன்.

காட்டினாள். அவன் அதைப் பார்த்தான். பிறகு தங்கமணி கையைப் பார்த்தான். பிறகு வரிசை முழுக்க நீண்டிருந்த சிவந்த விரல்களைப் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

“ஊர்ல ஏதும் கல்யாணமா?”

“உன் மெஷினுக்குத்தான் தம்பி” என்றாள் தங்கமணி பெருமையோடு. “ரேகை தெளிவா இல்லன்னியாமே. இப்பப் பாரு, தெருவுல நின்னாலே தெரியும்.”

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, தலைவலியும் வந்தது. மெஷின் நிறத்தைப் பார்ப்பதில்லை, கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் அடித்து மேடு பள்ளத்தைப் பார்க்கிறது, இப்படிக் கறுத்து அப்பிக்கொண்டால் அதற்கு விரல் சுவர் மாதிரி தெரியும் என்று பொறுமையாகச் சொன்னான். தங்கமணி கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“இப்ப மெஷினைக் கொண்டு போயிடுவீங்களா சார்?” என்று அருள்மேரி கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கிளாட்சன் பைக் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான். “நான் இன்னைக்கு எழுதணும்க்கா. மெஷினைத் தொறக்கவே முடியலன்னு எழுதினா முடிஞ்சுது.” கொஞ்சம் யோசித்தான். “மழையில இந்த ஊருக்கு வர முடியலன்னு எழுதறேன். இந்த மாசப் பணத்தை எல்லாரும் பேங்க்ல வாங்கிக்கங்க. தீபாவளி கழிச்சு அடுத்த பட்டுவாடாவுக்கு வரேன். அதுக்குள்ள நிறம் போயிருக்கணும், தோலும் தேறியிருக்கணும். தேய்ச்சுக் கழுவினா இருக்கற ரேகையும் போயிடும். கையைச் சும்மா விடுங்க. எண்ணெய் தடவுங்க, அவ்வளவுதான். இதுக்கு மேல என்னால முடியாது.”

அவன் போனதும் ஒருத்தி எலுமிச்சம்பழம் என்றாள், இன்னொருத்தி செங்கல் தூள் என்றாள். “யாரும் ஒண்ணும் தேய்க்கக் கூடாது” என்று அருள்மேரி சொன்னாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை.

நடவு முடிந்துவிட்டது, களையெடுப்புக்கு நாள் இருக்கிறது. வயல் வேலையால் தொல்லையில்லை. தொல்லை அடுப்படியில் இருந்தது. சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் தேய்க்கிற கை எப்படித் தேறும்? துணி துவைக்கிற கல்லில் எந்த ரேகை மிஞ்சும்?

மறுநாள் காலை அருள்மேரி டீக்கடைக்குப் போனாள். அந்தக் கடையில் அவள் அதுவரை ஏறியதே இல்லை. வாசலில் நின்றாள். தங்கமணியின் புருஷன் காத்தமுத்து பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “என்ன தங்கச்சி, யாரைத் தேடறே?” என்றார்.

“உங்களைத்தாங்க. எல்லாரையும்தான்.”

பூத்தில் உட்கார்ந்து எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறாள். பேசத் தெரியாதவர்கள்தான் சுற்றிவளைப்பார்கள். அதனால் நேராகவே சொன்னாள். தீபாவளி கழிகிறவரைக்கும் பெண்கள் பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, சாணி மெழுகக் கூடாது.

“பாத்திரம் தானா தேஞ்சுக்குமா?” என்றார் ஒருவர்.

“நீங்க தேய்ங்க.”

கடையே சிரித்தது. டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். காத்தமுத்து, “தங்கச்சி, நான் ஆத்துல பாலம் கட்டச் சொன்னாக் கட்டுவேன். இது நம்மால ஆவாது” என்றார்.

“சரிங்க” என்றாள் அருள்மேரி. “மெஷின் போயிரும். அப்புறம் மாசாமாசம் அக்கா நன்னிலம் போயி பேங்க் வாசல்ல நிக்கும். காலையில போனா பொழுது சாயத்தான் வரும். அன்னைக்கு உங்களுக்குச் சோறு வைக்கறது யாரு? ஊர்ல எந்த வீட்டுலயும் அடுப்பு எரியாது, கடன் வாங்கிக்கூடத் திங்க முடியாது. இப்பக் கொஞ்ச நாள் தேய்க்கறதா, மாசாமாசம் பட்டினியா? யோசிச்சுக்கங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். முதுகு முழுக்க வேர்த்திருந்தது.

அன்று சாயங்காலம் குழாயடியில் காத்தமுத்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோசைக்கல்லோடு வந்து நின்றார். தன்னை யாரும் பார்க்காத மாதிரி அவர் முகத்தை வைத்திருந்தார். மறுநாள் இன்னும் இருவர் வந்தார்கள். வாரம் முடிவதற்குள் அது சாதாரணமாகிவிட்டது. யார் குண்டான் பளிச்சென்று இருக்கிறது என்று போட்டிகூட வந்தது. புளி போடலாமா, மண் போடலாமா என்று வாய்த்தகராறு நடந்தது. பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு யோசனை சொன்னார்கள். “அடியில கரி இருக்கு பாருங்க. அங்க இல்ல, அந்தப் பக்கம்.”

தீபாவளிக்குக் கீழப்பாதியில் யாரும் மருதாணி வைக்கவில்லை. வந்த மகள்கள் ஏன் என்று கேட்டதற்கு, மெஷினுக்கு ஆகாது என்று பதில் வந்தது. அருள்மேரி தினமும் காலையில் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்ப்பாள். கறுப்பு சிவப்பாகி, சிவப்பு மஞ்சளாகி, கடைசியில் நகத்தில் மட்டும் பிறைபோல மிச்சமிருந்தது. ஆசீர்வாதம் போனில் விசாரித்தான். “வரலாறு காணாத சங்கதி மேரி. எங்க ரூம்ல சொன்னேன், எல்லாரும் வீட்டுக்குப் போன் போட்டு, பாத்திரம் தேய்க்கறது யாருன்னு கேக்கறானுங்க.”

“மெஷின் போயிட்டா என்னங்க பண்றது?” என்று கேட்டாள்.

“போனாப் போவுது, நான் இல்லையா” என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

பட்டுவாடா நாள். கிளாட்சன் பெஞ்சில் உட்கார்ந்தான். அருள்மேரி கார்டைச் சொருகினாள். விரலை வைத்தாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. மெஷின் கீச்சென்று ஒரு சத்தம் கொடுத்துத் திறந்துகொண்டது. அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கார்டு, விரல், கீச், சீட்டு. ரசியா பேகத்துக்கு மட்டும் வலது கை ஒத்துவரவில்லை. பல வருஷம் கோரைப்பாய் முடைந்த கை அது. இடது கை மோதிர விரலைப் புதிதாகப் பதிந்துகொடுத்தான் கிளாட்சன். வரிசை தீர்ந்ததும் அவன் சீட்டுச் சுருளை எடுத்து நீட்டிப் பார்த்தான்.

“மெஷின் இங்கயே இருக்கட்டும்க்கா” என்றான். “இனிமே நடவு மாசத்துக்கு முன்னாடியே, கார்டு வச்சிருக்கற எல்லாருக்கும் சேத்துல அழுத்தாத இடது கை விரல் ஒண்ணையும் பதிஞ்சு வச்சிருவோம். ஆபீஸ்ல சொல்றேன்.” பைக்கில் ஏறிய பிறகு திரும்பினான். “மருதாணியை மட்டும் யாரும் இடது கையில வச்சிரப் போறாங்க.”

அருள்மேரி சிரித்தாள். அவன் போய், கூட்டம் கலைந்த பிறகும் தங்கமணி நகரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் குரலைத் தன்னால் முடிந்த அளவுக்குத் தாழ்த்திக்கொண்டாள்.

“அருளு. என் விரல் சரியாயிடுச்சுன்னு எங்க வூட்டு மனுஷனுக்கு நீ ஒண்ணும் சொல்லிக்கிட்டிருக்காத. இன்னும் ரெண்டு மாசம் போவட்டும். கையி இப்பத்தான் கையி மாதிரி இருக்கு.”

“நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா.”

“பொய் சொல்லச் சொல்லலடி. சும்மா இரு.”

சாயங்காலம் அருள்மேரி குடத்தோடு குழாயடிக்குப் போனபோது காத்தமுத்து தனியாக உட்கார்ந்து இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஆண்கள் எல்லாரும் டீக்கடைக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள்.

“ஏன் தங்கச்சி, அதுக்கு விரல் இன்னும் தேறலையாமே. உனக்கு மெஷின்ல தெரியுமில்ல, இன்னும் எவ்வளவு நாளாவும்?”

அருள்மேரி குடத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் நிரம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதை நீங்க அக்காவத்தான் கேக்கணும்ங்க” என்றாள். “அந்தக் காதுகிட்டக் கரி இருக்கு பாருங்க.”

காத்தமுத்து கொப்பரையைத் திருப்பிப் பார்த்தார். ஆமாம், இருந்தது.